இடைவெளி இல்லாத ஏடு

அடையாறு என்னும் பெயரையே பள்ளிப் பிள்ளை ஒருவனிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால், அடை என்றும் ஆறு என்றும் இரண்டாக்கி, ஐகாரத்தின் பின் உயிர் வந்தமையால் யகரம் உடம்படுமெய்யாய்த் தோன்றிற்று என்று ஒப்பித்துவிடுவான். அந்த வித்தை எதற்காக ஏற்பட்டது என்று கேட்டால் மட்டும் விழிப்பான்.

அதற்கு விடை, ருக்மிணி தேவி 1943-ஆம் ஆண்டில் அடையாற்றில் நிறுவி, பிற்பாடு பெசன்ட் நகருக்குப் பெயர்ந்த உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்தின் ஏட்டுச் சுவடிகளில் இருக்கிறது. அவற்றில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. மெய்களுக்குப் புள்ளி கிடையாது. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒன்றுபோலவே இருக்கும். காலும் ரகரமும் ஓருருவாய் நின்று மயக்கும். ஒரு பதம் எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்று நிச்சயிப்பதே வாசிப்பாக இருந்த அக்காலத்தில், பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்த ஆறு உறுப்புக்களும் பரீட்சைச் சரக்காக அல்ல, அர்த்தம் காணும் கருவியாகவே பயன்பட்டிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அந்த நன்னூலை மயிலைநாதர் உரையோடு பதிப்பித்தவரும் ஐயரவர்களே.

நூல்நிலையம் தோன்றுவதற்கு நான்காண்டுகளுக்கு முன், 1939 நவம்பரில், பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், தம் தாய்மொழியாகிய இத்தாலியத்தில், சொல்லை உறுப்புக்களாகப் பிரிக்கும் இதே காரியத்தை வேறொரு மார்க்கத்தில் செய்திருந்தார். வேர்ச்சொல்லை ஒரு வண்ண எழுத்துக்களாலும், ஒட்டுக்களை வேறு வண்ண எழுத்துக்களாலும் குழந்தையே ஒரு பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கிப் பார்க்கும்படி செய்தது அவர் முறை; சூத்திரம் செவிக்குச் சொன்னதை அது விரலுக்குச் சொல்லிற்று.

ஆயினும் தமிழாசிரியர் அந்தப் பெட்டியை அப்படியே எடுத்தாள முடியாது. நடந்தனன் என்பதை அடுக்கத் தொடங்கினால், தகரத்திலேயே கை நின்றுவிடும்; அதன் மெய் இறந்தகால இடைநிலை, அதன் அகரமோ அன் என்னும் சாரியையின் தலைப்பு. ஒரே எழுத்துக்கு இரண்டு வண்ணம் எப்படித் தீட்டுவது? அதனால்தான் நம் ஆசிரியர்கள் எழுத்தையே முதலில் உடைத்து, நட, த், த், அன், அன் என்று கரும்பலகையில் கூட்டற்குறியிட்டு எழுதி, முதல் தகரம் நகரமாய்த் திரிந்த விகாரத்தை வாயால் சொல்லி வருகிறார்கள்.