இணையதள வகைப்பாடு

ஓர் இணையதளத்தில் உள்ள சொற்களைக் கொண்டு அது செய்தியா, கல்வியா, வணிகமா, சூதாட்டமா என்று கணினியே பிரித்தறியும் முறை இணையதள வகைப்பாடு. பள்ளிகளில் தகாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டிகள், தேடுபொறிகள், விளம்பரச் சேவைகள் எல்லாம் இதைப் பயன்படுத்துகின்றன.

இதன் வேர் இணையத்துக்கும் முந்தியது. 1961-இல் ராண்ட் நிறுவனத்தின் எம்.இ. மாரன், கணினித்துறைக் கட்டுரைச் சுருக்கங்கள் 405-ஐ எடுத்துக்கொண்டார். 90 துப்புச் சொற்களை வைத்து, ஒவ்வொரு சுருக்கமும் 32 பிரிவுகளில் எதில் சேரும் என்று நிகழ்தகவால் கணித்தார். பேய்ஸ் தேற்றத்தில் நின்ற அந்த எளிய கணக்கு இன்றும் வழக்கில் இருக்கிறது.

வலைத்தளங்களை முதலில் வகைப்படுத்தியவர்கள் மனிதர்களே. 1994-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெரி யாங், டேவிட் ஃபிலோ தொடங்கிய பட்டியல் யாஹூவாக வளர்ந்தது. 1998-இல் தோன்றிய டிமாஸ் அடைவைத் தன்னார்வலர்கள் தொகுத்தனர். பெருகிய பக்கங்களுக்கு மனிதக் கைகள் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆனால் அவர்கள் இட்ட வகைப்பெயர்களே பின்னர் இயந்திரங்களுக்குப் பயிற்சித் தரவாயின. இத்துறை வரலாற்றில் உரிய மதிப்புப் பெறாத உழைப்பு அது.

செய்திக் கட்டுரையைப் போல வலைப்பக்கம் ஒழுங்கான உரையன்று. பட்டிகளும் படங்களும் விளம்பரங்களும் நடுவே சில வரிகளுமாக இருக்கும். 1998-இல் சௌமேன் சக்ரவர்த்தி, பைரன் டாம், பியோட்ர் இண்டிக் ஆகியோர் இதனால் வரும் சிக்கலை அளந்து காட்டினர். ராய்ட்டர்ஸ் செய்திகளில் 13 விழுக்காடே பிழை செய்த வகைப்படுத்தி, யாஹூ பக்கங்களில் 68 விழுக்காடு பிழை செய்தது. ஒரு பக்கத்தோடு இணைப்பால் தொடர்புடைய பக்கங்கள் எந்த வகையைச் சேர்ந்தவை என்பதையும் கணக்கில் சேர்த்ததும் பிழை 21 விழுக்காடாகக் குறைந்தது. அண்டைப் பக்கங்களின் சொற்களை அப்படியே அள்ளிச் சேர்த்தால் பயனில்லை என்பதையும் அவர்கள் காப்புரிமை ஆவணங்களில் சோதித்துக் கண்டனர். பிழை 36-இலிருந்து 38 விழுக்காடாகக் கூடியது.

அதே ஆண்டில் தோர்ஸ்டன் யோவாகிம்ஸ், ஆதரவு திசையன் எந்திரம் என்னும் கற்றல் முறை உரைகளை வகைப்படுத்த ஏற்றது என்று நிறுவினார். 2018-இல் கூகுள் வெளியிட்ட பெர்ட் என்னும் மொழி மாதிரி, சொல்லைச் சூழலோடு சேர்த்துப் படித்தது. அதன் பன்மொழி வடிவத்தில் தமிழும் உண்டு. 'மருத்துவமனை', 'மருத்துவமனையில்', 'மருத்துவமனைக்கு' என உருமாறும் சொற்களை வெவ்வேறாக எண்ணிய பழைய முறைகளுக்குத் தமிழ் கடினமாக இருந்தது. சொல்லைத் துண்டுகளாகப் பிரிக்கும் பெர்ட்டின் முறை அந்தச் சிக்கலைத் தணித்திருக்கிறது.

யாஹூ அடைவு 2014-இலும் டிமாஸ் 2017-இலும் மூடப்பட்டன. ஆனால் இயந்திரம் கற்கும் முறை எவ்வளவு மாறினாலும் வகைப்பெயரைச் சரிபார்க்க மொழியறிந்தவர் வேண்டும். தமிழ்த் தளங்களுக்கு வகைப்பெயர் இட்ட தொகுப்பைப் பல்கலைக்கழகங்கள் கைப்பட உருவாக்கிப் பொதுவில் வைக்க வேண்டும்.