மாடங்கள் எழுப்பிய அரங்கு

மிலான் நகரின் லா ஸ்காலா ஓபரா அரங்கை ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசாவின் கொடை என்று சொல்வது வழக்கம். அனுமதி அவருடையது, பணம் அவருடையதல்ல. 1776 பிப்ரவரியில் பழைய அரசவை அரங்கு தீக்கிரையானதும், அதில் மாடங்கள் எனப்படும் தனியறை இருக்கைகளை வைத்திருந்த பிரபுக் குடும்பங்களே புதிய கட்டடத்தின் செலவைச் சுமந்தன. ஒரு தேவாலயத்தை இடித்த மனையில், கட்டடக்கலைஞர் பியர்மரினியின் திட்டப்படி எழுந்த அரங்கு 1778 ஆகஸ்ட் 3 அன்று இசையமைப்பாளர் சாலியேரியின் ஓபராவோடு திறந்தது. பணம் போட்டவர்களுக்கு மாடங்கள் சொந்தமாயின. உள் அலங்காரம்கூட அவரவர் விருப்பம். குதிரை லாட வடிவிலான அந்தக் கூடத்தின் பக்கவாட்டு மாடத்தில் உட்கார்ந்தால் மேடை ஒருக்களித்துத்தான் தெரியும். எதிர்மாடத்து முகங்களோ நேராகத் தெரியும். முகப்புக் கூடத்தில் சூதாட்ட மேசைகளும் இருந்தன.

அப்படியானால் இசை வெறும் சாக்குத்தானே என்று கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அதே குடும்பங்கள் இரவுக்கு இரவு வந்ததால்தான் புதிய படைப்புகளுக்கு ஓயாத தேவை பிறந்தது. அந்தத் தேவைதான் வெர்டி போன்ற இளம் இசையமைப்பாளருக்கு வாசலைத் திறந்தது. 1842 மார்ச்சில் அரங்கேறிய அவருடைய ‘நபுக்கோ’ அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் மட்டும் 57 முறை நடந்தது. அரட்டைக்கு வந்தவர்களால் மட்டும் இது நடக்காது. மேல்தளத்து மலிவு இடங்களில் நெருக்கியடித்து நின்றவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாடங்களின் தனியுடைமை 1920களில் முடிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 ஆகஸ்ட் குண்டுவீச்சில் கூரை சரிந்தது. 1946 மே 11 அன்று தொஸ்கானினி இசை நடத்தித் திறந்துவைத்தபோது, உடைமையாளர்கள் இல்லாமலேயே அந்த லாட வடிவ மாடவரிசை மீண்டும் எழுந்து நின்றது.