மணவுறவும் உறைவுரிமையும்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடத்தை முன்வைத்து ஒரு சட்ட வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

இந்தியக் குடிமக்களை மணந்த அயல்நாட்டவர் இந்நாட்டில் நிலையாக வாழ்வதற்கான சட்டவழிகள் 1955 முதல் அடைந்துள்ள மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. மணவுறவு நீடிக்கும்வரை இவ்வழிகளுக்கிடையே பெரிய வேறுபாடு புலப்படுவதில்லை. உறவு முறியும்போதோ துணை இறக்கும்போதோதான் அவ்வேறுபாடு முழுமையாக வெளிப்படுகிறது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: குடியுரிமைச் சட்டம், ஓசிஐ அட்டை, மணவுறவு, உறைவுரிமை, ஒரகடம்

முன்னுரை

1996இல் தொடங்கப்பட்ட ஹூண்டாய் நிறுவனத்தின் இருங்காட்டுக்கோட்டை ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ரெனோ–நிசான் ஆலையும் 2012இல் டைம்லர் ஆலையும் ஒரகடத்தில் இயங்கத் தொடங்கின. இவற்றோடு கொரியா, ஜப்பான், ஜெர்மனி முதலிய நாடுகளின் பொறியாளர்களும் காஞ்சிபுரம் மாவட்டத்திற்கு வந்தனர். அவர்களது இருப்புக்கு ஆதாரம் வேலைவாய்ப்பு விசா. அது பணியோடு பிணைந்தது; பணி முடிந்தால் இருப்பும் முடியும். 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டமை இத்தகைய ஆதாரத்தின் நிலையாமைக்குச் சான்று. இங்கு வந்த அயல்நாட்டவர் ஒருவர் இந்தியரை மணந்து இங்கேயே தங்க விழையும்போது, அவருடைய இருப்புக்கு வேறோர் அடிப்படை தேவைப்படுகிறது.

மேலைநாடுகள் பலவற்றில் உள்ளதுபோல், மணவுறவின் அடிப்படையில் வழங்கப்படும் ‘நிரந்தர உறைவுரிமை’ என்னும் தனித்தகுதி இந்தியச் சட்டத்தில் இல்லை. புதுப்பித்துக்கொள்ளத்தக்க எக்ஸ் வகை நுழைவு விசா, ஓசிஐ அட்டை, பதிவின்வழிப் பெறும் குடியுரிமை ஆகிய மூன்றில் ஒன்றையே தம்பதியர் தேர்ந்தாக வேண்டும்.

குடியுரிமைப் பதிவு: மூன்று காலகட்டங்கள்

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(சி) பிரிவு, இந்தியக் குடிமக்களை மணந்துள்ள அல்லது முன்பு மணந்திருந்த பெண்களுக்கு மட்டுமே பதிவுரிமை அளித்தது. இந்தியப் பெண்ணை மணந்த அயல்நாட்டு ஆணுக்கு இவ்வழி இல்லை. கணவனின் நாடே மனைவியின் நாடு என்னும் பழைய கருத்தின் எச்சமாக இதனைக் கொள்ளலாம். 1986ஆம் ஆண்டுத் திருத்தம் ‘பெண்கள்’ என்பதை ‘நபர்கள்’ என மாற்றியது. கூடவே ஐந்தாண்டு உறைவையும் நிபந்தனையாக்கியது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ஏழாண்டாக உயர்த்தியது.

உறைவுக்கால உயர்வு பலரும் அறிந்தது. அதனினும் முக்கியமான மற்றொரு மாற்றம் போதிய கவனம் பெறவில்லை. 1955, 1986 வாசகங்களில் இருந்த ‘மணந்திருந்த’ என்னும் இறந்தகாலக் கூறு 2003இல் நீங்கியது. ‘மணந்துள்ள’ என்னும் நிகழ்காலம் மட்டுமே எஞ்சியது. இதனால், ஏழாண்டு நிறைவதற்குள் துணையை இழந்தவர் இப்பிரிவின்கீழ் விண்ணப்பிக்கும் தகுதியையும் இழக்க நேர்கிறது.

திருப்பெரும்புதூரின் அண்மை வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1991 மே 21 அன்று இவ்வூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். இத்தாலியில் பிறந்து 1968இல் அவரை மணந்த சோனியா காந்தி, 1983இல் 5(1)(சி) பிரிவின்கீழ்ப் பதிவுபெற்றிருந்தார். அப்பதிவு நிகழாதிருந்தாலும், கணவரை இழந்த பின்னரும் விண்ணப்பிக்க அன்றைய வாசகம் இடமளித்திருக்கும். இன்றைய வாசகத்தில் அவ்வாய்ப்பு இல்லை.

ஓசிஐ அட்டை: வாழ்நாள் உரிமையா?

1999ஆம் ஆண்டின் பிஐஓ அட்டைத் திட்டம் இந்தியரின் அயல்நாட்டுத் துணைவருக்கும் இடமளித்தது. 2005இல் நடைமுறைக்கு வந்த ஓசிஐ திட்டமோ வம்சாவளியையே அடிப்படையாகக் கொண்டது. 2015இல் இரண்டும் இணைக்கப்பட்டபோது, 7ஏ(1)(டி) பிரிவின்வழித் துணைவரும் ஓசிஐ தகுதி பெற்றனர். திருமணம் பதிவுசெய்யப்பட்டிருத்தல், விண்ணப்பத்திற்கு முந்தைய இரண்டாண்டுகள் அது தொடர்ந்து நீடித்திருத்தல், முன்கூட்டிய பாதுகாப்பு ஒப்புதல் ஆகியவை நிபந்தனைகள். விண்ணப்பதாரரோ அவருடைய முன்னோரோ பாகிஸ்தான், வங்காளதேசக் குடிமக்களாக இருந்திருப்பின் தகுதியில்லை.

ஏழாண்டு எதிர் இரண்டாண்டு என்னும் கணக்கில் ஓசிஐ எளிதாகத் தோன்றும். பிறந்த நாட்டின் குடியுரிமையைத் துறக்கவும் தேவையில்லை. விரும்பி அயல்நாட்டுக் குடியுரிமை பெறுவோர் தம் குடியுரிமையை இழப்பர் என்னும் விதியுடைய ஜப்பானியருக்கும் கொரியருக்கும் இது பெரிய ஈர்ப்பு. ஆயினும், ஓசிஐ பெற்றவருக்கு வாக்குரிமை இல்லை. விவசாய நிலம் வாங்க இயலாது. 2021ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி ஆய்வுப்பணி மேற்கொள்ளவும் சிறப்பு அனுமதி வேண்டும். இவை அனைத்திற்கும் மேலாக, மணவுறவின்வழிப் பெற்ற அட்டையை, அவ்வுறவு நீதிமன்றத்தாலோ பிறவாறோ முறிந்தால் 7டி பிரிவின்கீழ் ரத்துசெய்ய இயலும். குடியுரிமைப் பதிவுக்கு இத்தகைய ஆபத்து இல்லை. அதனைப் பறிப்பதற்கான 10ஆம் பிரிவின் காரணங்களுள் மணமுறிவு இடம்பெறவில்லை. ஆக, ‘வாழ்நாள்’ அட்டை எனப்படுவது உண்மையில் மணவாழ்வின் நாளளவே.

ஏழாண்டு உறைவைக் காட்டுவதும் எளிதன்று. விண்ணப்பத்திற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்கள் இடையறாது இங்கிருத்தல் வேண்டும். அதற்கு முந்தைய எட்டாண்டுகளில் ஆறாண்டுகளேனும் உறைந்திருக்க வேண்டும். சிறப்புச் சூழலில் முப்பது நாள்வரை மட்டுமே தளர்வு உண்டு. தலைமையகத்திற்கு அடிக்கடி அழைக்கப்படும் பொறியாளரின் பணிமுறையும் இவ்விதியும் ஒன்றுக்கொன்று இசையாதவை.

மூலதனமும் மணவுறவும்

2016இல் மத்திய அமைச்சரவை அயல்நாட்டு முதலீட்டாளர்களுக்கு நிரந்தர உறைவுத் தகுதி வழங்கும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 18 மாதங்களில் 10 கோடி ரூபாயோ 36 மாதங்களில் 25 கோடி ரூபாயோ முதலிட்டு, ஆண்டுதோறும் 20 இந்தியருக்கேனும் வேலை அளிப்போர் பத்தாண்டுத் தகுதி பெறலாம். ‘நிரந்தர உறைவு’ என்னும் பெயர் முதலீட்டிற்கே கிடைத்தது, மணவுறவிற்குக் கிடைக்கவில்லை.

மறுமுனையில் இலங்கைத் தமிழ் ஏதிலியர் உள்ளனர். 2003ஆம் ஆண்டுத் திருத்தம் ‘சட்டவிரோதக் குடியேறி’ எனக் கருதப்படுவோருக்கு 5ஆம் பிரிவை மூடியது. உரிய பயண ஆவணமின்றிக் கடல்கடந்து வந்த ஒருவர் தமிழகக் குடிமகனை மணந்து பல்லாண்டுகள் வாழ்ந்தாலும் இத்தடை நீங்குவதில்லை. அத்தகையோருக்கு 2004 டிசம்பர் 3க்குப்பின் இந்தியாவில் பிறந்த குழந்தையின் பிறப்புவழிக் குடியுரிமையும் இதனால் கேள்விக்குள்ளாகிறது.

முடிவுரை

பாலினப் பாகுபாட்டை நீக்கிய சட்டம், காலப்போக்கில் உறைவுக்காலம், பாதுகாப்பு, நுழைவுமுறை ஆகிய புதிய வாயில்களை எழுப்பியுள்ளது. குடியுரிமை, ஓசிஐ ஆகியவற்றுள் எது விரைவானது என்பதைக் காட்டிலும், மணவுறவுக்குப் பின்னும் எது நிலைக்கும் என்பதே விண்ணப்பிப்போர் எண்ணிப்பார்க்க வேண்டிய கேள்வி. 2003இல் நீங்கிய ‘மணந்திருந்த’ என்னும் ஒரு சொல் மீளுமாயின், துணையை இழந்தோர் வாழ்ந்த ஊரையும் சேர்த்து இழக்க வேண்டிய நிலை பெரிதும் குறையும்.