இந்தியப் பள்ளிகளில் பிபிசி மைக்ரோ கணினியும் அதன் மீட்டமைப்பும்

பிபிசி மைக்ரோ என்பது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய ஏக்கார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட வீட்டுக் கணினி ஆகும். பிபிசி ஒலிபரப்பு நிறுவனத்தின் கணினிக் கல்வித் திட்டத்திற்காக உருவானதால் இப்பெயர் பெற்றது. இதன் ‘பி’ வகையில் 6502 நுண்செயலியும் 32 கிலோபைட் நினைவகமும் இருந்தன. பேசிக் மொழி சில்லிலேயே பதியப்பட்டிருந்ததால், மின்சாரம் கொடுத்தவுடன் நிரல் எழுதத் தொடங்கலாம்.

இந்தியாவில் இக்கணினி வீடுகளைவிடப் பள்ளிக்கூடங்கள் வழியாகவே அறிமுகமானது. 1984-85ஆம் கல்வியாண்டில் நடுவண் அரசு ‘கிளாஸ்’ எனப்பட்ட பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் சுமார் 250 பள்ளிகள் சேர்ந்தன. பின்னர் இத்திட்டம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது. பொதுத்துறை நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், இதே வடிவமைப்பில் ‘யூனிகார்ன்’ என்ற கணினியைத் தயாரித்தது. 1990களில் ஐபிஎம் வகைக் கணினிகள் வந்ததும் பழையவை பண்டக அறைகளுக்குச் சென்றன.

அரசுப் பொருளை இருப்புப் பதிவேட்டிலிருந்து நீக்காமல் வெளியேற்ற முடியாது. பலரும் சலித்துக்கொள்ளும் இந்த விதி, பழங்கணினி தேடுவோருக்கு ஒரு வகையில் நன்மையே. கழிவு செய்து ஏலம் விடும்வரை கணினி பழைய இரும்புக் கடைக்குப் போகாது.

கிடைத்த கணினியை உடனே மின்சாரத்தில் இணைத்துப் பார்ப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. மின்வழங்கிப் பகுதியில் இரைச்சலை வடிகட்டும் காகித மின்தேக்கிகள் உள்ளன. இவற்றின் மேலுறையில் காலப்போக்கில் விரிசல் விழுந்து ஈரம் புகுகிறது. மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் அவை வெடித்து நாற்றமடிக்கும் புகையைக் கக்கக்கூடும். எனவே முதலில் இவற்றை மாற்ற வேண்டும். அடுத்து, பொருத்திகளில் செருகப்பட்டுள்ள சில்லுகளைக் கழற்றி, கால்களில் படிந்த களிம்பைத் துடைத்து மீண்டும் செருகினாலே பல கணினிகள் உயிர்பெறுகின்றன.

மஞ்சளித்துப்போன நெகிழிக் கூட்டை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுப்பர். மதுரை விளாங்குடி போன்ற ஊர்களில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கூட்டை மட்டுமே வெளியில் வைக்க வேண்டும். புற ஊதா ஒளியால் அழிக்கத்தக்க நினைவகச் சில்லுகளின் மேல் ஒரு சிறு கண்ணாடிச் சன்னல் இருக்கும். அதன் மேல் ஒட்டிய தாள் உரிந்திருந்தால், நாள்கணக்கில் படும் வெயில் உள்ளிருக்கும் நிரலையே அழித்துவிடும்.

கணினி கெட்டால் உதிரிச் சில்லு இன்றும் கிடைக்கும். ஆசிரியர்களும் மாணவர்களும் எழுதிச் சேமித்த நிரல்களுக்கு மாற்று கிடையாது. அவை இருப்பது ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டுகளில். மழைக்கால ஈரத்தில் இவற்றில் பூஞ்சை பிடிக்கும். அப்படியே சுழற்றினால் காந்தப்பூச்சு சுரண்டப்படுவதோடு படிக்கும் முனையும் அழுக்காகி, அடுத்து இடும் வட்டையும் கெடுக்கும். பூஞ்சையைத் துடைத்து, நன்கு உலர்த்திய பின்னரே வட்டைப் படிக்க வேண்டும். ஒருமுறை படிக்கும்போதே முழுவதையும் நகலெடுத்துவிட வேண்டும்.