சொல்லும்படி இல்லாதது எது?

'நான்டிஸ்கிரிப்ட்' என்னும் ஆங்கிலப் பெயரடைக்கு, குறிப்பிட்டுச் சொல்லத்தக்க தனித்தன்மை ஏதுமற்றது என்று இன்றைய அகராதிகள் பொருள் தருகின்றன. பார்த்த மறுகணமே மறந்துபோகும் கட்டடம், கூட்டத்தில் கரைந்துவிடும் மனிதர், இன்னதென்று கூறவியலாத நிறம் ஆகியவற்றுக்கு இச்சொல் வழங்குகிறது. எழுதி விவரித்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு 'நான்' என்னும் எதிர்மறை முன்னொட்டு சேர்ந்து பிறந்தது இது. (நம்முடைய தன்மைப் பெயருக்கும் இதற்கும் உறவில்லை.)

பிறந்தபோது இச்சொல்லில் இகழ்ச்சி இல்லை. அறிவியல் நூல்களில் இன்னும் விவரித்து எழுதப்படாத செடியையோ விலங்கையோ 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயற்கை ஆய்வாளர்கள் இவ்வாறு குறித்தனர். அத்தகைய ஒன்று கிட்டினால் அது அவர்களுக்குப் பெரும்பேறு. குற்றால மலையை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரும் தாவரவியலாளருமான இராபர்ட் வைட் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கே செடிகளைத் திரட்டினார். 1838 முதல் 1853 வரை வெளிவந்த அவருடைய படத்தொகுதிகளுக்கு ரங்கய்யா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள் படம் வரைந்தனர். அவ்வாறு ஏட்டில் ஏறும்வரை ஒரு செடி, மலைவாழ் மக்கள் அதனை நன்கறிந்து பெயரிட்டு அழைத்துவந்தாலும், அறிவியலுக்கு 'நான்டிஸ்கிரிப்ட்'தான். குறை செடியினுடையதன்று, எழுதாதவருடையது.

19ஆம் நூற்றாண்டில் பொருள் திரிந்தது. 'விவரிக்கப்படாதது' என்பது 'விவரிக்கத் தகாதது' என்றாயிற்று. இந்தப் பிற்காலப் பொருளுக்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. இவ்வாண்டு சாரல் எப்படி என்று தென்காசிக்காரரைக் கேட்டால், குறைவாக இருந்தால், 'சொல்லும்படி இல்லை' என்பார். ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருளும் வழக்குப் பொருளும் அத்தொடரில் ஒருங்கே அமைந்துள்ளன. 'சாதாரணமான' என்பது இதற்குச் சற்றுப் பொதுவானது. 'தனித்தன்மையற்ற' என்பதோ தீர்ப்பளித்துவிடுகிறது.

அந்தத் தீர்ப்பு கால்நடைத் துறையில் வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடுவதில்லை. இந்தியக் கால்நடைக் கணக்கெடுப்பில், அங்கீகரிக்கப்பட்ட இனங்களுள் அடங்காத நாட்டு மாடுகளும் ஆடுகளும் 'நான்டிஸ்கிரிப்ட்' எனப்படுகின்றன. காங்கேயம், உம்பளாச்சேரி போன்ற பெயர்பெற்ற மாட்டினங்களைத் தூய்மை கெடாமல் காக்க வேண்டும் என்பது கொள்கை. பெயரற்றவற்றை ஜெர்சி போன்ற அயலினங்களோடு கலந்து 'மேம்படுத்த' வேண்டும் என்பதும் கொள்கை. ஒரு பெயரடை மரபின் தொடர்ச்சியையே முடிவு செய்கிறது. ஆகவே இவ்விடத்தில் 'தரமற்ற', 'தனித்தன்மையற்ற' என மொழிபெயர்ப்பது பெரும்பிழை. 'பதிவுறா இனம்' என்பதே பொருந்தும். பதிவுறாதது நாளை பதிவுறலாம்.

அவ்வாறு நிகழ்ந்தும் உள்ளது. பழைய நெல்லைச் சீமையின் கன்னி ஆடும் கொடி ஆடும் செவ்வாடும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபியல் வளங்கள் பணியகத்தின் பதிவேட்டில் இன்று தனித்தனி இனங்கள். கரிய உடலும் முகத்தில் வெண்கோடும் உடையது பால்கன்னி என்றும், செங்கோடு உடையது செங்கன்னி என்றும் பிரித்தறிந்து பெயரிட்டவர்கள் அவற்றை வளர்த்தவர்களே.