தொட்டிலருகே தாய்



வரலாறு என்றதும் கோட்டைகளும் போர்களும் உங்கள் நினைவுக்கு வரும். இன்று நான் கூறவிருப்பது ஒரு கதவின் வரலாறு. நோயுற்ற குழந்தைக்கும் அதன் பெற்றோருக்கும் இடையே நெடுங்காலம் மூடிக் கிடந்த கதவு அது.

சில ஆண்டுகளுக்கு முன் கோவையில் என் மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே ஆண் குழந்தை பிறந்தது. எடை 1,100 கிராம். மூச்சுவிடவும் கருவியின் துணை வேண்டியிருந்தது. 67 நாட்கள் மருத்துவமனைத் தாழ்வாரமே எங்கள் இல்லமாயிற்று. அறுவைக்குப் பின் நான்காம் நாள்தான் அவள் மகனைக் கண்டாள். குழாய்களுக்கிடையே கிடந்த அவ்வுடலைத் தொட அஞ்சி, “இவனுக்கு என்னைத் தெரியுமா அப்பா?” என்று கேட்டாள். அக்கேள்விக்கு விடை தேடித்தான் நான் நூல்களைப் புரட்டினேன்.

1880-இல் பாரிஸ் நகரில் தார்னியே என்னும் மருத்துவர், கோழிமுட்டைகளை அடைகாக்கும் பெட்டியைக் கண்டு, குறைமாதக் குழந்தைகளுக்கும் வெப்பப்பெட்டி அமைத்தார். உயிர்கள் பல தப்பின. ஆயின் அவருடைய மாணவர் புதேன் ஒன்றைக் கவனித்தார்: குழந்தையை நெடுநாள் பிரிந்திருந்த தாயின் பற்றுத் தளர்ந்துவிடுகிறது. எனவே தாய்மார் தம் பிள்ளைகளுக்குத் தாமே பாலூட்ட வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

அவ்வறிவுரை பரவவில்லை. நுண்கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் இல்லாத காலம். தொற்றுக்கு அஞ்சி மருத்துவமனைகள் கதவை அடைத்தன. அவ்வச்சத்தில் நியாயமும் இருந்தது. எனினும் மருந்துகள் வந்த பின்னும் கதவு திறக்கவில்லை. இங்கிலாந்தில் 1920-களிலேயே நியூகாசில் நகரத்து ஸ்பென்ஸ், தாயையும் சேயையும் ஒருங்கே அனுமதித்தார். அவர் வழியைப் பின்பற்றியோர் சிலரே.

1952-இல் ராபர்ட்சன் என்பவர், எட்டு நாள் மருத்துவமனையில் தங்கிய இரண்டு வயதுச் சிறுமியைத் திரைப்படமாக எடுத்தார். பெற்றோரைப் பிரிந்த பிள்ளை அழுகையை நிறுத்தினால், அது தேறிவிட்டதென்று மருத்துவர்கள் கருதிவந்தனர். அவ்வமைதி நம்பிக்கை இழந்ததன் அடையாளம் என்று அவர் விளக்கினார். இதைப் படித்தபோது நான் தலைகுனிந்தேன். ஜூன் மாதந்தோறும் அழும் பிள்ளைகளின் தாய்மாரைப் பள்ளி வாயிலிலேயே திருப்பியனுப்பி, “சற்று நேரத்தில் அடங்கிவிடுவான்” என்று சொன்னவன் நான்!

1959-இல் பிளாட் குழு, பெற்றோர் எந்நேரமும் குழந்தையைக் காண விடவேண்டும் என்று பிரிட்டிஷ் அரசுக்குப் பரிந்துரைத்தது. 1978-இல் கொலம்பியா நாட்டின் போகோட்டாவில் வெப்பப்பெட்டிகள் போதாதபோது, மருத்துவர் எட்கார் ரேய் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கச் செய்தார். கங்காரு முறை என்று நாம் இன்று அழைப்பது அதுவே. தாயின் மேனி வெப்பம் தருகிறது. பால் சுரப்பைப் பெருக்குகிறது.

நம் நாட்டின் பங்கும் சிறிதன்று. 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில், மருத்துவர் அர்மிதா பெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை நிறுவினார். 2015-இல் கோவை அரசு மருத்துவமனையிலும் அத்தகைய வங்கி திறக்கப்பட்டது. குழந்தைப் பராமரிப்பில் குடும்பத்தாரையும் பங்குபெறச் செய்யும் வழிகாட்டு நெறிகளை 2017-இல் மத்திய அரசு வெளியிட்டது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் ஆப்பிரிக்க மருத்துவமனைகள் நான்கும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயின் மார்பில் சேர்த்ததால், முதல் 28 நாட்களில் நிகழும் இறப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 16-இலிருந்து 12 ஆகக் குறைந்தது.

எங்கள் செவிலியர் ஒருவர் பதினோராம் நாள் என் பேரனைத் தூக்கி, குழாய்களோடு என் மகளின் மார்பில் சாய்த்தார். கருவியில் தாவிக்கொண்டிருந்த எண்கள் மெல்ல நிதானமடைந்தன. அவள் கேள்விக்கு அவன் விடை சொல்லிவிட்டான். பின்னர், சோமனூரில் இரவெல்லாம் விசைத்தறி ஓட்டிய மாப்பிள்ளையும், விடியலில் குளித்துவந்து, பிள்ளையை மார்பில் ஏந்தி அமர்ந்தார். இடையில் இருமுறை மூச்சு தடைப்பட்டது. ஒருமுறை தொற்றும் கண்டது. கருவிகளும் மருந்துகளும் இன்றி அவன் பிழைத்திருக்க மாட்டான். பெற்றோரும் அம்மருத்துவத்தில் ஒரு பகுதியாயினர்.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம். சிலர் என்னைப்போல் ஆசிரியராகலாம். ஒரு விதியைக் காட்டிக் கதவை மூடுமுன், அவ்விதி பிறந்த காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்கத் தவறிய தலைமையாசிரியன் ஒருவனின் வேண்டுகோள் இது.