வெற்றுக் கூடு வெளியேறிய வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரிவால்வர்களில், சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக் கூட்டை அகற்றுவது சுடுபவரின் கைவேலையாகவே இருந்தது. 1873இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் ரிவால்வரில், குழலின் ஓரத்திலிருந்த கம்பியை அழுத்தி ஒவ்வொரு கூடாக வெளியே தள்ள வேண்டியிருந்தது. ஆயினும் சுழல் உருளையில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனி அறை இருந்தமையால், ஓர் அறையில் தங்கிவிட்ட வெற்றுக் கூடு அடுத்த குண்டைத் தடுக்கவில்லை. ஒவ்வொரு விசையிழுப்பிற்கும் ஒரு குண்டைச் சுட்டு, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் எல்லாத் தோட்டாக்களுக்கும் ஒரே வெடியறைதான் என்பதால், பழைய கூடு விலகாத வரை புதிய தோட்டாவுக்கு அங்கே இடமில்லை. இந்த வகைத் துப்பாக்கியின் வரலாற்றில் பெரும்பகுதி அக்கூட்டை விலக்குவதற்கான போராட்டமே.

அப்போராட்டம் தொடங்குவதற்கே இரண்டு முன்தேவைகள் இருந்தன. வெடிக்கும் கணத்தில் விரிந்து அறையின் சுவரை அடைத்துக்கொண்டு, அழுத்தம் தணிந்ததும் சுருங்கி விடுபடும் பித்தளைக் கூடு ஒன்று. 1884இல் பிரான்சின் பால் வியெய் உருவாக்கிய புகையில்லா வெடிமருந்து மற்றொன்று. பழைய கரிமருந்தின் கசடு சில சுடுதல்களுக்குள் அசையும் பாகங்களில் படிந்து இறுகிவிடும் என்பதால், அதைக் கொண்டு ஒரு சிறு கருவியைத் தானாக இயங்கச் செய்வது ஏறத்தாழ இயலாததாக இருந்தது.

1893இல் ஹியூகோ போர்ஷார்ட் வடிவமைத்து, பெர்லினின் லுட்விக் லோவே நிறுவனம் தயாரித்த பிஸ்டலும், அதிலிருந்து கியோர்க் லூகர் செப்பனிட்டு 1908இல் ஜெர்மன் தரைப்படையை அடைந்த பிஸ்டலும், முழங்காலைப் போல் மேல்நோக்கி மடியும் இரு கரங்களால் வெடியறையை மூடித் திறந்தன. துல்லியத்தில் சிறந்திருந்த அந்த அமைப்பு, தோட்டாவின் வலிமை குறைந்தால் முழுமையாக மடியாமல் நின்றுவிடும். ஜான் பிரவுனிங் 1890களில் வகுத்த வழி எளிமையானது: குழலைச் சூழ்ந்த ஸ்லைடு என்னும் கனத்த எஃகு உறை பின்வாங்கும்போது, அதிலுள்ள எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி கூட்டின் அடிவிளிம்பைப் பற்றி இழுக்கிறது, சட்டகத்தில் அசையாது நிற்கும் எஜெக்டர் என்ற முனை மறுபுறம் மோதி, கூட்டைப் பக்கவாட்டுத் திறப்பின் வழியே சுழற்றி எறிகிறது. 1911 மார்ச்சில் நடந்த அமெரிக்க ராணுவத் தேர்வில் பிரவுனிங்கின் கோல்ட் பிஸ்டல் 6,000 குண்டுகளை ஒரு தடங்கலுமின்றிச் சுட்டது. போட்டியிட்ட சாவேஜ் பிஸ்டல் 37 முறை தடைப்பட்டது.

இருந்தும், தேர்வில் வென்ற துப்பாக்கி பயன்பாட்டில் தேயாமல் இருப்பதில்லை. படைக்கலப் பழுதுபார்ப்பவர்கள் கூடு விழும் இடத்தையும் அதில் பதிந்த தடங்களையும் கொண்டே நோயை அறியக் கற்றனர். கூடு அறையிலேயே தங்கினால் கொக்கியின் தேய்மானமோ அறையின் அழுக்கோ ஐயத்துக்குரியது. வெளியேறும் வாயிலில் செங்குத்தாகச் சிக்கினால், ஸ்லைடு போதிய வேகத்தில் முழுத் தூரமும் பின்வாங்கவில்லை அல்லது கொக்கியின் பிடி தளர்ந்துவிட்டது என்று பொருள். வழக்கத்தைவிட வெகுதொலைவில் விழுந்தால், ஸ்லைடை மீண்டும் முன்தள்ளும் மீள்சுருள்வில் களைத்திருக்கக்கூடும். சுடுபவரின் மணிக்கட்டுத் தளர்ச்சியும் உண்மையான காரணமே. சட்டகம் உறுதியாக நில்லாமல் ஸ்லைடோடு சேர்ந்து பின்னகர்ந்தால், இரண்டிற்கும் இடையிலான இயக்கம் குறைந்துபோகிறது. ஆனால் தோட்டாவையும் வில்லையும் மாற்றிப் பார்க்காமல் முதலிலேயே சுடுபவரின் கையைக் குற்றம் சொல்வது நேர்மையான ஆய்வாகாது.

பிரவுனிங்கின் 1911 மாதிரியில் எக்ஸ்ட்ராக்டர் ஸ்லைடுக்குள் செருகப்பட்ட நீண்ட வில்லெஃகுத் தண்டு; தனி வில் ஏதுமின்றி அதுவே வில்லாகவும் இயங்கியது. தோட்டாக்கள் அடுக்கப்பட்ட மேகசினிலிருந்து ஏறும் தோட்டாவின் விளிம்பு கீழிருந்து வழுக்கி அதன் பிடிக்குள் நுழையும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. தோட்டாவை நேரே அறைக்குள் போட்டு ஸ்லைடை விடுத்தால், கொக்கி விளிம்பைத் தாண்டிக் குதிக்க நேர்ந்து காலப்போக்கில் கெடும். தளர்ந்த தண்டை அளவறிந்து வளைத்து மீட்பது தேர்ந்த கைகளுக்கே வசப்பட்ட நுட்பம். 1935இல் பெல்ஜியத்தில் வெளிவந்த ஹை பவர் பிஸ்டலும் முதலில் உள்ளமைந்த எக்ஸ்ட்ராக்டரையே கொண்டிருந்து, 1960களில் சுருள்வில்லால் இயங்கும் வெளிக்கொக்கிக்கு மாறியது. அதன்பின் வளைத்துச் சரிசெய்வதற்குப் பதிலாக வில்லை மாற்றினால் போதும் என்றானது. பழுதுபார்ப்பவரின் நுட்பத்தில் ஒரு பகுதி தேவையற்றுப் போனது.

கூடு வெளியேறும் வாயிலின் மாற்றமோ ராணுவத்தைவிட இலக்குப் போட்டியாளர்களுக்கே அதிகம் கடன்பட்டது. போர்க்களத்தில் வெற்றுக் கூடு கழிவாக இருக்கலாம். அதில் மீண்டும் மருந்தும் குண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் போட்டியாளருக்கு அது உடைமை. 1911 மாதிரியின் உயரமான, குறுகிய வாயிலின் விளிம்பில் மோதிக் கூடுகளின் வாய் நசுங்கியதால், அவர்கள் துப்பாக்கிக் கம்மியர்களிடம் கொடுத்து அவ்விளிம்பைத் தாழ்த்தி வெட்டச் செய்தனர். அந்த வெட்டைப் பின்னர் உற்பத்தியாளர்களே தங்கள் வழக்கமான மாதிரிகளில் சேர்த்துக்கொண்டனர்.